டூகலின் மார்பில் உப்பு

சுவருக்குள் பதித்த கட்டிலில் டூகல் கிடக்கிறான். நேற்று லானர்க் நிலக்கரிச் சுரங்கத்தில் செத்தவன். வழக்கப்படி மார்பின்மேல் ஒரு சாசர் உப்பு. கடிகாரத்தை நிறுத்தியாயிற்று, கண்ணாடிக்குத் துணி போட்டாயிற்று. இறக்கிவிட்ட திரையின் ஓரமாக நுழையும் மத்தியான வெளிச்சம் பர்டியின் வழுக்கையில் மட்டும் விழுகிறது, கர்த்தரே ஏற்பாடு செய்ததுபோல. பர்டி தேவாலயத்தில் மூப்பர். சுரங்கக் கம்பெனி வீடுகளின் சாவிகளும் அவர் இடுப்பில்தான். ஆள் செத்தால் வீடு கம்பெனிக்கு. தான் இனியும் இங்கே இருக்கலாமா என்று அவர் வாயால் கேட்கத்தான் டூகலின் மனைவி கிரிசல் நிற்கிறாள். அந்த வாய் இறந்தவனுக்கான ஜெபத்தை மெதுவாக முடித்துவிட்டு, எதிரே இருக்கும் அவித்த முட்டைக்கு வருகிறது. "ஏம்மா, உப்பு இல்லையா?" வீட்டிலிருந்த உப்பெல்லாம் டூகலின் மேல் இருக்கிறது. நாத்தனார் நெட்டா காதோரம் குனிகிறாள். "அண்ணன்கிட்ட கேளுங்க அண்ணி. யாருக்கும் இல்லேன்னு சொன்ன மனுசனா?" கிரிசலுக்குச் சிரிப்பு வரவில்லை. அழுகையும் நேற்றிலிருந்து வரவில்லை. முட்டைக்கு நன்றி சொல்ல மூப்பர் மறுபடி கண்ணை மூடுகிறார். அவள் போய் சாசரிலிருந்து ஒரு சிட்டிகை கிள்ளிவந்து தட்டின் ஓரத்தில் வைக்கிறாள். அவர் தொட்டுத் தொட்டுத் தின்கிறார்.

"டூகல் தங்கமான ஆளு. அடக்கம் முடியட்டும். சனிக்கிழம வீட்டக் காலி பண்ணிக் குடுத்துரும்மா."

"சரிங்க."

அவள் கட்டிலுக்குத் திரும்பி, உப்பில் தன் விரல்கள் விட்ட பள்ளத்தைத் தடவிச் சமமாக்குகிறாள். பின்னால் மூப்பர் தொண்டையைச் செருமுகிறார்.

"கொஞ்சம் தண்ணி குடும்மா. நாக்கு வறளுது."