புருவத் தழும்பு

பகல் வெளிச்சம் படக்கூடாதென்று மகள் ஜன்னலில் போர்வையைக் கட்டியிருக்கிறாள். அடியில் விளக்கெரியும் பலகைமேல் பழைய நெகட்டிவ் கிடக்கிறது, அதைப் படமெடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்ற மேலே கேமரா தலைகுப்புறத் தொங்குகிறது. காலையிலிருந்து உட்கார்ந்து இடுப்பு கழன்றுவிட்டது. இந்தக் கம்ப்யூட்டரை நான் நம்புவதுமில்லை. திரையில் என் வீட்டுக்காரி சிரிக்கிறாள். மகளைக் கைக்குழந்தையாக விட்டுவிட்டுச் செத்தவள். தழும்பு அவளுடைய வலது புருவத்தில் தெரிகிறது.

“ஃபிலிமைத் திருப்பிப் போடும்மா. தழும்பு அவளுக்கு இடது புருவத்துல.”

“வந்துட்டாரு இன்ஜினியரு! கதவுல இடிச்சுக்கிட்டாங்கன்னு சொன்னீங்க, சரி. இத்தனை வருஷம் கழிச்சு எந்தப் பக்கம்னு எப்படிப்பா அவ்வளவு நிச்சயமா சொல்றீங்க?”

திரை வெளிச்சம் என் மடியில் விழுகிறது. வலதுகையை இடதுகையால் மூடிக்கொள்கிறேன்.

“கதவு இல்லம்மா. இந்தக் கைதான்.”