கட்டி இழுத்த லொறி

"ஒண்டு, அது இந்த வளவ உட்டுப் போகணும். இல்லாட்டி அவரும் அதோட போகணும். இண்டைக்கு ரெண்டுல ஒண்டு தெரிஞ்சாகணும் தம்பி!"

அஸீஸா போட்ட சத்தத்தில், சாய்ந்து நின்ற கேற்றுத் தூணில் சாய்ந்திருந்த கிசோக் நிமிர்ந்து நின்றான். அவன் பழைய இரும்பு வாங்குகிறவன்.

'அது' என்பது அவள் புருஷன் அச்சிமுகம்மதுவின் லொறி. வழியில் பழுதாகி நிற்கும் வாகனங்களைக் கட்டி இழுப்பதுதான் அவருக்குத் தொழில். இப்போதெல்லாம் இழுக்கப் போன லொறியை இழுத்து வர இன்னொரு லொறி தேட வேண்டியிருந்தது. அது வளவுக்குள் வந்தால் போதும், கொடியில் காயும் வெள்ளைச் சாரனெல்லாம் அதன் புகையில் கரித்துணியாகிவிடும். தூணைச் சாய்த்ததும் அவர் ரிவேஸ் எடுத்த அழகுதான்.

மகள் பஸ்லியாவைக் கட்டி இந்த வீட்டுக்கு வந்த மருமகன் பர்ஸான், கட்டாரில் உழைத்துப் புத்தம்புதுக் கெப் வாகனம் ஒன்று வாங்கியிருந்தான். அஸீஸா நேற்றுச் சோறு போடும்போதே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"பழச இரும்புக்குக் குடுங்க. இனி மருமகன்ட கெப்ப நீங்க ஓட்டுங்க. அதுவும் நல்லா இழுக்கும்."

அச்சிமுகம்மதுவின் முகம் தொங்கிப்போனது. பர்ஸானுக்கோ வாயில் வைத்த சோறு உள்ளே இறங்கவில்லை. மாமனார் மேல் இவ்வளவு பாசமா என்று அஸீஸாவுக்கே நெஞ்சு இளகியது. ஆனாலும் சொன்னது சொன்னதுதான்.

லொறி இருமல் வைத்தியத்துக்காக நிந்தவூர்க் கராஜில் நின்றது. அஸீஸா போன் எடுத்தாள்.

"இரும்புக்காரத் தம்பி வந்து நிக்கிறாரு. உடன லொறியக் கொண்டு வாங்க!"

"இண்டைக்கேவா?" மறுபக்கம் யாருடனோ குசுகுசுப்பது கேட்டது. பிறகு அவர் குரல் தெளிந்தது. "சரி புள்ள, வாறன். கொஞ்சம் சுணங்கும். மருமகன்ட கெப் நடு றோட்டுல நிண்டிட்டு. அதக் கட்டி இழுத்திட்டுத்தான் வரணும்."

"புதுசையா?"

"ஓம், புதுசத்தான்!" என்றார் அச்சிமுகம்மது. அந்தக் குரலில் பெருநாள் தெரிந்தது.

ஊர் இதுவரை பார்க்காத ஊர்வலமாக அது வந்து சேர்ந்தது. முன்னால் கிழட்டு லொறி, பின்னால் பளபளக்கும் கெப், நடுவில் தொய்ந்து தொங்கும் கயிறு. "புதுமாப்பிள்ளைக்கு ஒரு சோடா உடைங்கடா!" என்று கடைவாசலில் நின்றவர்கள் கூவினார்கள். அந்தக் கூப்பாட்டில் லொறியின் இரைச்சல்கூடக் கேட்கவில்லை.

பர்ஸான் தலையைக் குனிந்துகொண்டு, லொறியின் பின்பக்கத்தோடு கெப்பின் மூக்கை ஒட்டியபடியே வந்தான். பாவம், ஊர்க்கண்ணுக்கு ஒளிகிறான் என்று அஸீஸா நினைத்தாள்.

அச்சிமுகம்மது ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து, மறுகையால் ஊருக்கெல்லாம் ஸலாம் சொல்லிக்கொண்டே வளவுக்குள் நுழைந்தார். வழக்கம்போலத் தூணையும் ஒரு இடி இடித்தார்.

அஸீஸா பதறிப்போய்க் கொடியைப் பார்த்தாள். சாரன்கள் வெள்ளையாகவே ஆடின. ஒரு பொட்டுக் கரியில்லை. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு நல்ல லொறியையா இத்தனை நாளும் ஏசித் தீர்த்தோம்?

"குறை நினைக்காதீங்க தம்பி. இது போகாது. புதுசு நடுவழியில உட்டாலும் பழசுதான் ஊட்டுக்குக் கொண்டு வந்து சேக்குது. இனி இந்த லொறிய ஆரும் ஒரு சொல்லுச் சொல்லப்படா. அவரே ஓட்டட்டும்!"

"அல்ஹம்துலில்லாஹ்!" என்றார்கள் மாமனாரும் மருமகனும் ஒரே நேரத்தில். மருமகனின் குரல்தான் ஓங்கிக் கேட்டது.

வெறுங்கையோடு போக கிசோக்குக்கு மனமில்லை. "புதுக் கெப்பையே இழுத்த எஞ்சின். ஒருக்காக் கண்ணாலயாவது பாத்திட்டுப் போறன்" என்று பொனட்டில் கை வைத்தான்.

"தொடாதீங்க தம்பி, சூடு!" என்று அச்சிமுகம்மது ஒரு பக்கத்தாலும் பர்ஸான் மறுபக்கத்தாலும் பாய்ந்து வந்தார்கள். அதற்குள் பொனட் திறந்துவிட்டது.

கிசோக் உள்ளே எட்டிப் பார்த்தான். குனிந்து லொறிக்குக் கீழேயும் பார்த்தான். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு அஸீஸாவிடம் திரும்பினான்.

"ராத்தா, இதுக்குள்ள எஞ்சினே இல்லையே!"