பதியாத காது

“காதே இல்ல. எடுத்துட்டுப் போங்க.”

காலையிலிருந்து அவர் இதைச் சொல்வது ஏழாவது தடவை. எதிரே உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் தன்னையறியாமல் தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

பேச்சு என்னவோ மேசைமேல் கிடந்த வெள்ளிக் காசைப் பற்றித்தான். அதிலிருந்த ராணியின் காதைப் பற்றி. பழங்காசு சேர்ப்போர் சங்கத்தின் கண்காட்சிக்கு எந்தக் காசு போகும், எது போகாது என்று முடிவு செய்பவர் அவர். சங்கத்தில் அவருக்குப் பூதக்கண்ணாடியார் என்று பெயர். முப்பது வருஷமாக அவர் சொன்னதுதான் தீர்ப்பு.

“தேய்ஞ்ச காசு இல்லீங்க சார். பளபளப்பு அப்படியே இருக்கு பாருங்க” என்றார் டிரைவர். “ஆறு வருஷம் நாயா அலைஞ்சு பிடிச்சேன்.”

“தேய்ஞ்சுதுன்னு யாரு சொன்னா? பதியவே இல்லன்னு சொல்றேன்.”

பூதக்கண்ணாடியார் லென்ஸை வலது கண்ணில் பொருத்தி, வழக்கம்போல இடது கண்ணை இறுக மூடிக்கொண்டு, ராணியின் காதிருக்க வேண்டிய இடத்தையே உற்றுப் பார்த்தார். “அச்சு விழும்போது அழுத்தம் பத்தலன்னா வெள்ளி நடுப்பள்ளத்துக்குள்ள ஏறாது. சுத்தி எழுத்தெல்லாம் நல்லாத்தான் விழுந்திருக்கு. நடுவுல காது, காதோரத்து முடி, எல்லாம் மொட்டையாக் கிடக்கு.”

“என் கண்ணுக்கு நல்லாத் தெரியுதே சார்.”

“ஆசைப்பட்ட கண்ணுக்கு என்னதான் தெரியாது?”

அவருக்கு அலுத்துப்போயிருந்தது. இரண்டு மாதமாக வருகிற காசெல்லாம் இதே லட்சணம். எந்த நாட்டுக் காசானாலும், எந்தக் காலத்துக் காசானாலும் நடுவில் மொட்டை. ஒருத்தருக்காவது நல்லதாகத் தேடிப் பிடிக்கத் துப்பில்லை.

போதாக்குறைக்கு நேற்று சங்கச் செயலாளர் போன் செய்திருந்தார். “எல்லாரையும் திருப்பி அனுப்பறீங்களாமே. வேற ஆள் பார்க்கலாமான்னு கேக்கறாங்க...” என்று இழுத்தார். இந்த வேலைக்குச் சம்பளம் கிடையாது, சால்வைகூடக் கிடையாது. ஆனால் இதுவும் போய்விட்டால் அவருக்கு வேறொன்றும் கிடையாது.

“சரி, ஒழுங்காப் பதிஞ்ச காது எப்படியிருக்கும்னு காட்டறேன். அப்புறம் நீங்க வாயே திறக்க மாட்டீங்க.”

எழுந்து அலமாரியைத் திறந்து, பஞ்சு வைத்த சின்னப் பெட்டியிலிருந்து அதே ராணியின் காசு ஒன்றை எடுத்துவந்தார். அவர் இத்தனை காலமும் உரைகல்லாக வைத்திருக்கும் காசு அது. அந்தக் காது மடலின் வளைவைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரைந்து காட்டுவார்.

லென்ஸை வைத்துப் பார்த்தார். லென்ஸைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

காது இல்லை.

“இங்க வா!” என்று போட்ட சத்தத்தில் மனைவி சமையலறையிலிருந்து ஈரக் கையோடு ஓடிவந்தாள். “இந்த அலமாரியைத் திறந்தது யாரு? என் காசை மாத்தி வச்சிருக்காங்க!”

“சாவி உங்க பாக்கெட்லதானே இருக்கு. யாரு திறப்பா?”

“அப்ப நீதான். எவன்கிட்டத் தூக்கிக் குடுத்த?”

வெளி ஆள் முன்னால் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. டிரைவர் தன் காசைப் பையில் போட்டுக்கொண்டு, பார்க்காதவர்போலச் சுவரைப் பார்த்தார். மனைவி ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அவர் எதிரே வந்து நின்றாள்.

“நீங்க கத்துவீங்கன்னு அந்த அலமாரியில தூசிகூடத் தட்டறதில்ல நான். அந்தக் காசை எப்படிப் பார்ப்பீங்களோ, அப்படி ஒரே ஒரு தடவை என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லுங்க, நான் எடுத்திருப்பேனா?”

அவர் லென்ஸைக் கழற்றி மேசையில் வைத்தார். கோபத்தில் இடது கண்ணைத் திறக்க மறந்து, அப்படியே நிமிர்ந்து வலது கண்ணால் மட்டும் அவளைப் பார்த்தார்.

கலைந்த முடி தெரிந்தது. இரண்டு பக்கமும் தோடு தெரிந்தது. கீழே முகவாய் தெரிந்தது. அவர் இன்னும் உற்றுப் பார்த்தார்.

“ஏம்மா...” என்றார், குரல் உள்ளே போய்விட்டிருந்தது. “உன் மூக்கு எங்க?”