வாசல் தாண்டாத கார்

"டேங்க் எங்கேயோ ஒழுகுது. பத்து மணிக்கு டிஸ்சார்ஜ்னா ஒரு டாக்ஸிக்குச் சொல்லிடு."

காருக்கு அடியிலிருந்து நூலகரின் குரல் மட்டும்தான் வந்தது. ஷெட் வாசலில் நின்ற மனைவிக்கு அவருடைய இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன.

"அப்பா கார்லதான் குழந்தையோட வீட்டுக்கு வருவேன்னு உங்க பொண்ணு ஒத்தைக்கால்ல நிக்கறா. மாப்பிள்ளை காலையிலேர்ந்து மூணு தடவை போன் பண்ணிட்டார்."

"போன வாரம் டேங்க் நிறைய பெட்ரோல் ஊத்தினேன். இப்ப பாதிகூட இல்ல. ரெண்டு தடவை கழட்டிப் பாத்துட்டேன், ஒரு பொட்டு ஈரம் இல்ல. எங்க ஒழுகுதுன்னே தெரியாத வண்டியில பச்சைக் குழந்தையை ஏத்தச் சொல்றியா?"



ஐந்து வருடங்களுக்கு முன், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுவாரம் அவர் வாங்கிய கார் அது. அறுபது வயதுக் கார். ஒரு டாக்டர் வீட்டுக் கொல்லையில் கோழிகள் அடைந்து கிடந்ததை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். அதன் கையேட்டை எங்கிருந்தோ வரவழைத்து, முன்னூற்றுப் பத்துப் பக்கத்தையும் மனப்பாடம் செய்தார். துருவைச் சுரண்டினார், தகரம் ஒட்டினார், கரும்பச்சை வண்ணம் அடித்தார். செவ்வாயும் வெள்ளியும் முதல் பஸ்ஸைப் பிடித்து ஊரின் மறுகோடியில் இருக்கும் பழைய சாமான் சந்தைக்குப் போவார். சாயங்காலம் திரும்பும்போது கையில் ஒரு கதவுக் கைப்பிடி இருக்கும். சில நாள் வெறும் திருகாணி.

ஆனால் ஒருநாளும் அவர் காரை வாசலுக்கு வெளியே கொண்டு போனதில்லை. ஒன்று முடிந்தால் இன்னொன்று கிளம்பிவிடும். பிரேக் இழுக்கிறது என்பார். கார்புரேட்டர் திக்குகிறது என்பார். ஓட்டிப் பார்ப்பதற்கென்று மெக்கானிக் வருவார். "நீ ஏறி உக்காரு, நான் வெளியே நின்னு சத்தத்தைக் கேக்கணும்" என்று பானெட்டில் காதை வைத்துக்கொள்வார் நூலகர். முற்றத்தில் பத்தடி முன்னே, பத்தடி பின்னே. அதோடு சரி.

"இனிமே இதுல கழட்டறதுக்கு ஒண்ணும் மிச்சம் இல்ல சார்" என்று மெக்கானிக் சொல்லி ஒரு வருடமாகிறது.

"அந்த மெக்கானிக்கைக் கூப்பிடு, அவன் வந்து ஓட்டட்டும்" என்றபடி காரின் அடியிலிருந்து வெளியே வந்தார் நூலகர்.

"கேட்டுட்டேன். அவர் வெளியூர்ல இருக்கார். நீங்களே எடுங்களேன்."

நூலகர் கையைத் துடைத்துக்கொண்டு ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். கண்ணாடியைத் திருப்பினார். மறுபடி திருப்பினார். ஸ்டீயரிங்கைத் தடவிக் கொடுத்தார். சாவியைப் போடவே இல்லை. ஐந்து நிமிடம் கழித்து இறங்கி, மனைவியின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"எனக்கு ஓட்ட வராது."

"என்னது?"

"கார் ஓட்டத் தெரியாது. கல்யாணம் பேசும்போது உங்க அப்பா கேட்டார். காலேஜ்ல படிக்கறப்பவே ஓட்டினேன்னு ஒரு வேகத்துல சொல்லிட்டேன். அப்புறம் எப்படி மாத்திச் சொல்றது?"

முப்பத்து நாலு வருடத்துப் பொய் வெளியே வந்ததில் அவருக்கு வியர்த்துவிட்டது. மனைவி சிரிப்பாள் என்று பயந்தார். அவள் சிரிக்கவில்லை. சாவிக்காகக் கையை நீட்டினாள்.

"அந்தப் பக்கம் ஏறுங்க."

"உனக்குத் தெரியுமா?"

"கொஞ்சம் தெரியும். மெக்கானிக் தம்பிகிட்ட கேட்டு வச்சிருக்கேன்."

"லைசென்ஸ்?"

"அதுவும் இருக்கு."

முதல் இரண்டு தெருவுக்கு நூலகர் கதவுப் பிடியை விடவில்லை. "கிளட்ச்சை முழுசா மிதி. நாப்பத்தி ரெண்டாம் பக்கத்துல தெளிவாப் போட்டிருக்கான்" என்றார். "திருப்பத்துல கியரைக் குறைக்கணும்" என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் கியர் குறைந்திருந்தது.

மூன்றாவது தெருவில் மருந்துக்கடைக்காரர் கையைத் தூக்கினார். பேக்கரி வாசலில் இரண்டு பெண்கள் சிரித்துத் தலையசைத்தார்கள். நூலகருக்கு மெல்ல மெல்ல முதுகு நிமிர்ந்தது. அவரும் கையை உயர்த்திப் பதில் வணக்கம் சொன்னார்.

"எல்லாரும் வண்டியைத்தான் பாக்கறாங்க, கவனிச்சியா?"

"ஆமாங்க."

"வேலையை ஒழுங்கா செஞ்சு வச்சா யார் ஓட்டினாலும் ஓடும். நீயே பாரு, கையில எடுத்த முதல் நாளே வழுக்கிட்டுப் போகுது. இதுக்கு அஞ்சு வருஷம் ஆச்சேன்னு நீங்கள்லாம் சிரிச்சீங்க."

"தப்புதாங்க" என்று சொல்லிவிட்டு மனைவி ஒற்றைக் கையால் ஸ்டீயரிங்கை வளைத்து, ஒரு பஸ்ஸைத் தாண்டினாள்.

மருத்துவமனை வாசலில் குறுக்கே சங்கிலி கட்டி, 'உள்ளே இடமில்லை' என்று பலகை மாட்டியிருந்தார்கள். நூலகர் கண்ணாடியை இறக்கினார்.

"நீ பேசாம இரு. இந்த மாதிரி வண்டியை வெயில்ல ரோட்டுல விட முடியாதுன்னு நான் எடுத்துச் சொல்றேன்."

அவர் வாயைத் திறப்பதற்குள் காவலாளி ஓடிவந்து சங்கிலியை அவிழ்த்தார்.

"வாங்கம்மா, நீங்க வழக்கமா நிறுத்தற இடத்தைக் காலியாத்தான் வச்சிருக்கேன்" என்றவர், குனிந்து நூலகரை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். "இவரை இந்த வண்டியில பாத்ததே இல்லையே, யாரும்மா இது?"