பூலோகம் கேட்ட பாதி

ஒரு விடுகதை. போன வாரம் வரை அதன் விலை ஆயிரத்து எண்ணூறு ரூபாய். இந்த வாரம் ஒரு லட்சம். அதே இரும்பு, அதே சக்கரம், புதிதாக ஓர் ஆணிகூட அடிக்கவில்லை. நடுவில் நடந்தது என்ன?

விடை: பூலோகம் போனில் ஒரு வீடியோ பார்த்துவிட்டார்.

பூலோகம் தாராவியில் பங்கார் கடை வைத்திருப்பவர். பழைய இரும்பை எடைக்கு வாங்கி விற்பார். அவர் கடையில் தூசி படிந்து கிடந்த தையல் மிஷின் ஒன்றை, இரண்டு வருஷத்துக்கு முன் மாரீஸ்வரி வாங்கிக்கொண்டு போனாள். பெண் முகமும் சிங்க உடம்புமாகப் பொன் நிறத்தில் படம் போட்ட மிஷின். அதே படம்தான் வீடியோவில் வந்தது. நூறு வருஷத்து மிஷினாம், லட்ச ரூபாய்க்குப் போகிறதாம்.

அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி மாய்ந்தார். லட்ச ரூபாய்ச் சாமானை ஒருத்தி சுளையாகத் தூக்கிக்கொண்டு போய்விட்டாளே, இது எந்த ஊர் நியாயம் என்றார். டீக்கடைக்காரர் உச்சுக் கொட்டியதில் ஆத்திரம் இன்னும் கூடியது.

ஞாயிற்றுக்கிழமை காலை தள்ளுவண்டியோடு மாரீஸ்வரி வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். கூடவே பத்து வயது மகள் தமன்னா. மிஷினில் இருக்கும் இங்கிலீஷைப் படிக்க ஆள் வேண்டுமே.

பள்ளிக்கூடம் திறக்க நாலே நாள். சீருடைப் பாவாடை நாற்பது பாக்கி. மாரீஸ்வரி மிஷினை விட்டு எழுந்திருக்காமலே என்ன விஷயம் என்று கேட்டாள்.

"பாதி எனக்கு வந்தாகணும்," என்றார் பூலோகம். "அம்பதாயிரத்த எண்ணி வையி. முடியாதுன்னா, இந்தா ஒன் ஆயிரத்தெண்ணூறு. மிஷின வண்டியில ஏத்துதேன்."

"நீங்க சொன்ன வெலயத்தான அண்ணாச்சி குடுத்தேன்? ஒத்த ரூவா கொறச்சுக் கேட்டனா?"

"அப்ப எனக்கு வெவரம் தெரியாது. தெரியாம வித்தவன் வயித்துல அடிக்கது பாவமில்லையா?"

லட்சம் என்ன, ரெண்டு லட்சம் தந்தாலும் தான் விற்கப் போவதில்லை, இது ஓடினால்தான் தன் வீட்டில் உலை கொதிக்கும் என்று மாரீஸ்வரி சொல்லிப் பார்த்தாள். அவர் காதில் ஏறவில்லை. நான் விற்றதற்கு ரசீது இருக்கிறதா என்று கேட்டார்.

ஓடிக்கொண்டிருந்த மிஷின் நின்றது.

"பங்கார் சாமானுக்கு என்னைக்கு அண்ணாச்சி நீங்க ரசீது குடுத்திருக்கிய?"

"இல்லைல்லா? அப்பம் அது எம் மிஷின்தான்."

சொல்லிவிட்டு, மாட்டுங்கா ஜகந்நாதனுக்குப் போன் போட்டார். பழைய மிஷின்களுக்கு விலை மதித்துச் சொல்கிறவர் ஜகந்நாதன். படம் பிடித்து முதல் நாளே அனுப்பச் சொல்லியிருந்தார். பூலோகம் சன்னல் வழியாகப் பிடித்து அனுப்பியும் இருந்தார்.

"படம் நன்னாத்தான் இருக்கு," என்றது போனிலிருந்து வந்த குரல், வீடு முழுக்கக் கேட்கும்படி. "ஆனா படத்தை வச்சு வயசு சொல்ல முடியாது. நம்பர் வேணும். அடித்தட்டுல பொறிச்சிருக்கும், பாருங்கோ. நம்பருக்கு முன்னால ஒரே எழுத்துன்னா நூறு வருஷம் தாண்டினது, லட்சம் வரைக்கும் போகும். ரெண்டெழுத்துன்னா அப்பறமா வந்தது, மூவாயிரத்துக்கு மேல ஒருத்தரும் தரமாட்டா."

பூலோகத்துக்குக் கண்ணாடி இல்லாமல் கிட்டத்தில் எதுவும் தெரியாது. கண்ணாடி கடையில் கிடந்தது. தமன்னாவை முன்னால் தள்ளினார்.

எண் தேய்ந்து போயிருந்தது. தமன்னா மண்டியிட்டு உட்கார்ந்தாள். துணியில் கோடு போடும் சாக்பீஸை எடுத்து அதன் மேல் தேய்த்து, விரலால் துடைத்தாள். பள்ளத்தில் மட்டும் வெள்ளை நின்றது. மாரீஸ்வரி சக்கரத்தின் மேல் வைத்த கையை எடுக்கவில்லை.

"யப்பா," என்றாள் தமன்னா, தலையைத் தூக்காமல். "முலுண்ட்ல சாதனா ஆன்ட்டி வீட்டுலேருந்துதான இத எடுத்துட்டு வந்தோம்? எடைக்குப் போட்டு எழுநூறுதான குடுத்த? அவங்களுக்கும் வெவரம் தெரியாதுல்லா. அவங்களுக்கும் பாதி குடுப்பியா?"

"அது வியாபாரம்ட்டி," என்றார் பூலோகம். "நீ வாயப் பொத்திக்கிட்டு நம்பரப் படி."

தமன்னா படித்தாள்.

"ஈ. ஏ. அப்பறம் எட்டு, மூணு, ஏழு, ரெண்டு, சைபர், ஆறு."

"ரெண்டெழுத்தாச்சே," என்றார் ஜகந்நாதன். "மூவாயிரம்தான் சார் பெறும். வச்சுத் தச்சுண்டு இருக்கச் சொல்லுங்கோ."

பூலோகம் போனை அணைத்தார். பிறகு வீடியோ போட்டவனைத் திட்டினார், அதை நம்பி லைக் போடும் ஜனங்களைத் திட்டினார், வண்டி வாடகையையும் ஒரு மூச்சுத் திட்டினார். எல்லாம் முடிந்ததும் ஆயிரத்தெண்ணூறைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மாரீஸ்வரியிடம் பெருந்தன்மையாகச் சொன்னார்.

"போட்டும், நீயே வச்சுக்கோ. அடுத்தவ பொருளு எனக்கு எதுக்கு?"

காலி வண்டி கடகடவென்று சந்து முனை திரும்பியது.

தமன்னா மட்டும் கொஞ்சம் பின்தங்கினாள். மாரீஸ்வரியின் அளவு நோட்டை எடுத்துத் திருப்பி, பின் அட்டையில் மிஷினின் எண்ணைப் பெரிதாக எழுதி வைத்துவிட்டு அப்பாவின் பின்னால் ஓடினாள்.

எண்ணுக்கு முன்னால் ஒரே எழுத்துதான் இருந்தது.