அம்மாவுக்கு வந்த ஆசை

"இந்த வயசுல இது தேவையா அண்ணி? ஊரே சிரிக்கும்!"

அத்தை அந்த மெஷினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒளி பாய்ச்சி முடியை உதிரவைக்கும் மெஷின். கைக்கு அடக்கமாக, ஹேர் டிரையரின் தங்கச்சி மாதிரி இருந்தது.

"தாடையில நாலு முடி நீட்டிக்கிட்டு நிக்குது. பஸ்ல பக்கத்துல உக்கார்றவங்க அதையே பாக்கறாங்க. ஆசையா இருந்துச்சு, வாங்கிட்டேன்" என்றாள் அம்மா, கொஞ்சமும் கூச்சப்படாமல்.

"நல்லா இருக்கு! பொண்ணு வேலையில்லாம வீட்டுல உக்காந்திருக்கா, அம்மாவுக்கு மினுக்கு கேக்குது!"

உள்ளறையில் இருந்த மகளுக்கு எல்லாம் கேட்டது.

ரெண்டு இன்டர்வியூவுக்குக் கிளம்பி, வாசல்வரை போய்த் திரும்பி வந்தவள் அவள். காரணம், மேலுதட்டு முடி. காலேஜில் 'மீசை' என்றே கூப்பிட்டார்கள். அதைப் பற்றி யார் வாயெடுத்தாலும் எரிந்து விழுவாள். "பார்லருக்குப் போலாமா?" என்று அம்மா கேட்ட அன்றைக்கு அவள் சாப்பிடவே இல்லை.

அத்தை போனதும் அம்மா கதவைத் தட்டினாள்.

"இதை எனக்கு அடிச்சு விடேன்டி. தனியா பண்ண பயமா இருக்கு."

"போம்மா."

"படாத இடத்துல பட்டு என் கண்ணு போச்சுன்னா, அப்புறம் நீதான் பாத்துக்கணும்."

முனகிக்கொண்டே எழுந்து வந்தாள். அம்மாவின் தாடையை மழித்துவிட்டு, மெஷினை வைத்து அழுத்தினாள். பளிச்!

"ஐயோ!"

"சுட்டுடுச்சாம்மா?"

"சொல்லத் தெரியல. உன் உதட்டு மேல ஒரு தடவை வெச்சுப் பாத்துச் சொல்லேன்."

மகள் முறைத்தாள். அப்புறம் கண்ணை இறுக மூடிக்கொண்டு வைத்தாள். ரப்பர் பேண்டால் சுண்டியது போல ஒரு சுருக். அவ்வளவுதான்.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்துகொண்டார்கள். "நீயும் அடிச்சுக்கோ, எனக்குத் தைரியமா இருக்கும்" என்பாள் அம்மா. "பாரு, எனக்குக்கூடக் குறைஞ்சிருக்கு" என்பாள்.

சில மாதங்களில் மகளின் மேலுதடு தெளிந்துவிட்டது. அடுத்த இன்டர்வியூவுக்கு யாரும் சொல்லாமலே கிளம்பினாள். வேலையும் கிடைத்தது.

அவள் முகத்தைப் பார்த்ததும் அத்தைக்குச் சபலம் தட்டியது. "சும்மா பாத்துட்டுத் தரேன்" என்று மெஷினை வாங்கிப்போனவள், ரெண்டு மாதம் கழித்துப் பொரிந்துகொண்டு வந்தாள்.

"சுத்த ஏமாத்து! ஒரு முடிகூட உதிரல. எங்க அண்ணி உங்ககிட்டதானே வாங்கினாங்கன்னு கடைக்கே போய்ச் சண்டை போட்டுட்டு வரேன்."

"என்ன சொன்னாங்க அத்தை?" என்றாள் மகள்.

"கறுப்பு முடிக்குத்தான் வேலை செய்யுமாம். நரைச்ச முடியை இது ஒண்ணும் பண்ணாதாம். அதை முதல்லயே சொல்றதுக்கென்னன்னு கேட்டேன். 'அந்தம்மா தாடையைப் பாத்து அன்னைக்கே சொன்னேனே, எல்லாம் வெள்ளை முடி, உங்களுக்குப் பிரயோஜனப்படாதுன்னு. பரவால்ல குடுங்கன்னு வாங்கிட்டுப் போனாங்க'ங்கறான்! ஏன் அண்ணி, தெரிஞ்சே எதுக்கு வாங்கினீங்க?"

மகள் மெல்லத் திரும்பி அம்மாவைப் பார்த்தாள்.

"அன்னைக்குக் கடையில ஒரே சத்தம். எனக்குச் சரியா காதுல விழல" என்று சொல்லிவிட்டு, பாத்திரம் கழுவ எழுந்து போனாள் அம்மா.