அத்தா பார்த்துக்கொள்வார்

"மாடியில தண்ணி வழியுது பாரு ஃபர்ஹீன். மோட்டார நிறுத்து."

ஹால் மூலையில் இருந்த கேமராவிலிருந்து கணவன் ஹமீதின் குரல் வந்தது. ஷார்ஜாவில் வேலை பார்க்கும் அவன், கோட்டக்குப்பம் வீட்டைப் பார்க்கவும் பேசவும் என்று போன லீவில் வந்தபோது அதை மாட்டிவிட்டுப் போயிருந்தான்.

ஃபர்ஹீன் சோப்பு நுரைக் கையோடு ஓடிப்போய் சுவிட்சை அணைத்தாள்.

"ஹாலப் பாக்குற கேமராவுல மாடி எப்பிடிங்க தெரியுது?"

"சத்தம் கேக்குதே."

நமக்குத்தான் காது மந்தம் போலிருக்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமையிலிருந்து இப்படித்தான். ஒரு போன் கிடையாது, எல்லா அதிகாரமும் கேமராவிலேயே. மிளகாயைக் காயப்போடு, ஃபேனைத் துடை, பீரோவை நகர்த்திப் பெருக்கு. வியாழக்கிழமை விழுந்த இடியில் டி.வி. போய்விட்டது, அதற்கு ஒரு ஆளைக் கூப்பிடு என்று மட்டும் சொல்லக் காணோம்.

மகன் ஹுதைஃபா வாசலில் உட்கார்ந்து ஷூவில் ஒட்டிய சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தான். முந்தின நாள் திண்டிவனத்தில் அவனுக்கு ஃபுட்பால் மேட்ச்.

"பெனால்டிய வெளிய அடிச்சிட்டியேடா" என்றது குரல்.

ஹுதைஃபா அம்மாவை முறைத்தான். "அதுக்குள்ள சொல்லிட்டியா?"

"நான் எங்கடா சொன்னேன்? இந்தத் துணியோடவே எனக்குப் பேஜாரா கீது."

"சரி, சொன்ன மாதிரி பீச்சுக்குக் கூட்டிக்கினு போம்மா. நாளைக்கு ஸ்கூலு."

ஃபர்ஹீனுக்கும் ஆசைதான். வீட்டுக்கும் கடைக்குமாகவே மூன்று மாதம் ஓடிவிட்டது. ஆனால் ஆறு வயது முஸ்கானுக்குக் காலையிலிருந்து உடம்பு சுட்டது. வெளியே தென்னை மரங்களை வளைக்கும் காற்று. பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போகலாம் என்றால், அவர்கள் விழுப்புரத்துக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள்.

"நீங்க ஜல்தியா போயிட்டு வாங்க. முஸ்கான நான் பாத்துக்கிறேன்" என்றது குரல்.

"தனியாவாங்க? மனசு கேக்கல."

"நான் என்ன அன்னியமா? அரை மணி நேரம்தான். கண்ண எடுக்காமப் பாத்துக்கினு இருக்கேன்."

மாத்திரை கொடுத்து மகளை சோபாவில் படுக்க வைத்தாள். "நான் வந்து கூப்புடற வரைக்கும் கதவத் திறக்காதம்மா."

"அம்மா கூப்பிட்டாலும் திறக்காத. யாரு வேணா அம்மா மாதிரி கூப்புடுவாங்க. நான் பாத்து, திறன்னு சொன்னாதான் திறக்கணும்" என்றது குரல்.

அந்தக் கவனம் ஃபர்ஹீனுக்குப் பிடித்திருந்தது. கடல் கடந்து இருந்தாலும் பிள்ளை மேல் எவ்வளவு கருத்து என்று பெருமையாகவே இருந்தது.

"அத்தா சொன்ன மாதிரியே செய்யி" என்று முத்தமிட்டுக் கிளம்பினாள். முஸ்கான் உள்ளே தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.

கடற்கரையில் நிற்க முடியவில்லை. காற்று புர்காவைப் பிடித்து இழுத்தது, மணல் கன்னத்தில் அடித்தது. ஹுதைஃபா உதைத்த பந்து அவனிடமே திரும்பி வந்தது. ஃபர்ஹீன் ரொம்ப நாள் கழித்து வாய்விட்டுச் சிரித்தாள்.

போன் அடித்தது. ஹமீத்.

"கோவிச்சுக்காத ஃபர்ஹீன். மூணு நாளா டபுள் டூட்டி. ரூமுக்கு வந்தா அடிச்சுப் போட்ட மாதிரி தூக்கம். ஒரு போன்கூட பண்ண முடியல. புள்ளைங்க எப்பிடி இருக்காங்க?"

காற்றில் தனக்குத்தான் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்து, மறுகாதைப் பொத்திக்கொண்டாள். "இப்பதானங்க பேசினீங்க? முஸ்கான் தூங்கிட்டாளா?"

"நான் எங்க பேசினேன்? அப்புறம், அந்தக் கேமராவுக்கு ஒரு ஆளக் கூப்புடு. வியாழக்கிழமையிலேர்ந்து அது வேலையே செய்யல. வீட்டப் பாக்கவே முடியல."

ஃபர்ஹீன் ஓடினாள். செருப்பு மணலில் எங்கோ கழன்று போனது. "என்னம்மா, என்னம்மா" என்று கேட்டுக்கொண்டே ஹுதைஃபா பின்னால் வந்தான். வீட்டுக் கதவை இரண்டு கையாலும் தட்டினாள்.

"முஸ்கான், அம்மா வந்துட்டேன். கதவத் திறம்மா."

உள்ளே சின்னக் காலடிகள் கதவு வரை வந்து நின்றன.

"நீ அம்மா இல்லியாம். அத்தா என் பக்கத்துலயே நின்னுக்கினு சொல்றாங்க."